முட்டுக்கட்டை

‘அசல்’ என்ற சொல்லுக்கு நம்மிடையே இரண்டு பொருள் உண்டு. வட்டிக்கடையில் அசல் என்றால் கொடுத்த பணம். ஜவுளிக்கடையில் அசல் என்றால் கலப்பில்லாத சரக்கு. பழைய மோட்டார் கார்களைச் சேர்த்து வைத்துப் போற்றுகிற கனவான்கள் மூன்றாவதாக ஒரு பொருளை உண்டாக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய அகராதியில் அசல் என்றால், ஆளைக் கொல்லுவதாக இருந்தாலும் மாற்றக் கூடாதது.

அவர்களோடு சண்டை போடுவதற்காகவே இதை எழுதுகிறேன். அவர்களில் சிலர் எனக்குச் சிநேகிதர்கள். இது அச்சில் வந்த பிறகும் சிநேகிதர்களாக இருப்பார்களானால் சந்தோஷம்.

சண்டைக்குக் காரணம் ஒரு சின்ன இரும்புக் குழாய். அதற்கு மாஸ்டர் சிலிண்டர் என்று பெயர். பிரேக் மிதியைக் காலால் அழுத்தினால், அந்த அழுத்தத்தை வாங்கி நான்கு சக்கரங்களுக்கும் அனுப்புகிற கருவி அது. மோட்டார் விஷயம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பீச்சாங்குழல் வைத்து விளையாடாதவர்கள் யார்? அந்த ஞானம் போதும். ஒரு பெரிய பீச்சாங்குழலின் வாயில் மெல்லிய குழாய்களைப் பொருத்தி, ஒவ்வொன்றின் மறுமுனையிலும் ஒரு சின்னப் பீச்சாங்குழலை வைத்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெரியதன் தண்டை அழுத்தினால் சின்னவற்றின் தண்டுகள் எல்லாம் ஏககாலத்தில் வெளியே தள்ளும். தண்ணீருக்குப் பதில் எண்ணெய், தண்டு தள்ளுகிற இடத்தில் பிரேக் கட்டை. வேறு ரகசியம் எதுவும் இல்லை. பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டிலேயே இதன் தத்துவத்தைச் சொல்லிவிட்டார்.

இனி இந்த ஏற்பாட்டில் எங்காவது ஓரிடத்தில் ஒரு ரப்பர் வாஷர் கிழிந்துபோகிறது என்று வைத்துக் கொள்வோம். இடது பின்சக்கரத்துப் பக்கம் என்றே வைத்துக் கொள்வோம். ‘ஒரு சக்கரந்தானே போயிற்று, மற்ற மூன்றும் பிடிக்குமே’ என்று நினைக்கத் தோன்றும். பிடிக்காது. பானையிலிருந்து தண்ணீர் முழுவதும் ஓட நான்கு ஓட்டை வேண்டியதில்லை. அழுத்துகிற எண்ணெய் எல்லாம் கிழிந்த இடத்தின் வழியே போய்விடும். மிதி தரையைத் தொடும். கார் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகும். ‘ஐயோ’ என்று சொல்லி முடிப்பதற்குள் நம் தெருவில் நாலு வீட்டைத் தாண்டியிருக்கும்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நம் நாட்டில் ஓடிய மாரிஸ் மைனர், முதல் அம்பாசிடர், ஃபியட் 1100 எல்லாம் இந்த ஒற்றைப் பீச்சாங்குழல் ஜாதிதான். அதைச் செய்தவர்களைக் குறை சொல்லுவதற்கில்லை. அன்று உலகமே அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு நல்ல யோசனை வந்தது. ஒரே குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தண்டுகள், இரண்டு அறைகள். ஓர் அறையின் எண்ணெய் முன்சக்கரங்களுக்கு, மற்றதன் எண்ணெய் பின்சக்கரங்களுக்கு. ஓர் அறையின் எண்ணெய் முழுவதும் ஒழுகிப்போனாலும், அந்தத் தண்டு போய் முட்டி நின்றபின் மற்ற அறையில் அழுத்தம் ஏறும். மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும், கார் நிற்க அதிகத் தூரம் ஆகும், ஆனால் நிற்கும். கூட்டுக் குடும்பத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் அடுப்பைத் தனித்தனியாக வைத்துக் கொடுத்த மாதிரி. ஒருவர் வீட்டில் உலை வைக்க வழியில்லாத அன்று மற்றவர் வீட்டிலாவது சோறு இருக்கும். அமெரிக்காவில் காடிலாக் கார்களில் 1962-லேயே இது வந்துவிட்டது. 1968 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்த நாட்டில் விற்கிற ஒவ்வொரு புதுக் காரிலும் இது இருந்தாக வேண்டும் என்று சட்டமே செய்தார்கள். இன்று நம் தெருவில் நிற்கிற மிக மலிவான காரிலும் இது உண்டு.

ஆகவே, பழைய காரைச் சாலையில் ஓட்டப் போகிறவர் இந்த ஒரு சாமானை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும் என்பதுதான் என் கட்சி. கேட்கிறது அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை எதிர்ப்பு.

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுச்செட்டி சத்திரத்தை அடுத்து இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டுச் சாலைக்கு வந்து பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு மரத்தடிப் பட்டறை. அங்கே பச்சை நிற மாரிஸ் மைனர் ஒன்று, கலியாணப் பெண்ணைப் போலப் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் ஒருவர் படுத்திருந்தார். இந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், ஓட்டுகிறவரின் காலுக்குக் கீழே, சேஸிச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். எண்ணெய் ஊற்ற வேண்டுமென்றால்கூடத் தரைவிரிப்பைத் தூக்கி ஒரு மூடியைக் கழற்ற வேண்டும். கண்ணில் படாத இடம் ஆகையால் எண்ணெய் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“சார், மாஸ்டர் போயிடுச்சு. வாஷர் மாத்தி ஏர் எடுத்துத் தரேன், மெதுவா ஊர் போய்ச் சேர்ந்துடலாம். ஆனா போனதும் ரெண்டு ரூம் உள்ளதா ஒண்ணு போட்டுக்குங்க.”

“அதெப்படிப்பா? ஒரிஜினாலிட்டி போயிடுமே!”

“அது போனா திரும்ப மாட்டிக்கலாம் சார்” என்றார் மெக்கானிக், மறுபடியும் வண்டிக்கடியில் போய்க்கொண்டே.

காரின் சொந்தக்காரருக்கு அறுபது வயதிருக்கும். படித்தவர், பண்புள்ளவர், பின்னிருக்கையில் பேரக்குழந்தைகள் இரண்டு. அவருக்கு அந்தப் பதில் கேட்டதா என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அசல்வாதிகள் சொல்லுகிற முதல் நியாயம்: “அறுபது வருஷமாக ஓடிய வண்டி, ஒன்றும் ஆகவில்லையே?” ஓடிய வண்டிகள்தான் இன்று நம் கண்ணில் படுகின்றன. ஓடாமல் மரத்தில் போய் மோதியவை கண்காட்சிக்கு வருவதில்லை. தவிர, அறுபது வருஷத்துக்கு முன்னால் இதே பெங்களூர் சாலை எப்படி இருந்தது? கட்டை வண்டியும் சைக்கிளும் ஆட்டு மந்தையும் போகிற ஒற்றைத் தார்ச்சாலை. முன்னால் போகிறவன் நிறுத்தினால், அவனும் உங்களைப் போலத்தான் தட்டுத்தடுமாறி நிறுத்துவான். இன்று தங்க நாற்கரச் சாலை. உங்களுக்கு முன்னால் போகிற கார், 2019 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதாக இருந்தால், சக்கரம் வழுக்காமல் நிற்கச் செய்கிற யந்திரம் அதில் கட்டாயம் இருக்கும். அவன் காலை வைத்ததும் நிற்பான். நீங்கள் அவனுக்குப் பின்னால் அசலாக வந்துகொண்டிருப்பீர்கள்.

சாலையை யாரும் அசலாக வைத்திருக்கவில்லை என்பதைச் சொன்னால், “வண்டியையாவது வைத்திருக்கிறோமே” என்பார்கள். வைத்திருக்கிறீர்களா? டயர் அசலா? அசல் டயர் பிளந்து நாற்பது வருஷம் ஆயிற்று. பாட்டரி அசலா? மெத்தை உறை? விளக்கின் பல்பு? அந்தப் பச்சைப் பெயிண்டு போன தீபாவளிக்கு அடித்தது. எல்லாவற்றையும்விட வேடிக்கை, அந்த மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பரும் எண்ணெயும். இரண்டும் ஆயுள் குறைந்தவை. பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற சுபாவம். சாதாரணமான மூன்றாம் தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலையிறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிதான் இருக்கும். ஆவி அழுத்தினால் அமுங்கிவிடும், பிரேக் பிடிக்காது. ஆகவே எண்ணெயை இரண்டு வருஷத்துக்கு ஒரு தரமாவது மாற்றித்தான் தீர வேண்டும். இரும்புக் குழாயைத் தவிர அதற்குள் இருக்கிற எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. குழாயைத் தொட்டால் மட்டும் தீட்டு!

அசலைச் செய்தவர்களே அசலைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. எண்ணெய் அழுத்தத்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போடுகிற முறையை அமெரிக்காவில் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட். விமானக் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த குடும்பத்தவர். 1921-இல் டூசன்பர்க் கார் அவர் முறையோடு வெளிவந்தது. அவர் வைத்தது தோல் வாஷர். அது ஒழுகிற்று. 1924-இல் கிரைஸ்லர் கார் வந்தபோது அந்தக் கம்பெனி எஞ்சினீயர்கள் தோலைத் தூக்கி எறிந்துவிட்டு ரப்பரைப் போட்டார்கள். லாக்ஹீட் துக்கம் கொண்டாடவில்லை. மூன்றே வருஷத்தில் தன் கண்டுபிடிப்பு மாறியதைக் கண்டுபிடித்தவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். வாங்கியவரின் பேரன் அறுபது வருஷத்துக்குப் பிறகும் ஏற்க மாட்டேன் என்கிறார்.

“சரித்திரம் ஐயா, சரித்திரம்! சரித்திரச் சின்னத்தில் கை வைக்கலாமா?” என்பது அடுத்த ஆட்சேபம். இதற்குப் பதில் சொல்லத் திருவாரூருக்குப் போக வேண்டும்.

ஆழித்தேரைவிடப் பெரிய சரித்திரச் சின்னம் இவர்கள் யாருடைய கொட்டகையிலும் இருக்க முடியாது. அலங்காரம் முடிந்தால் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை என்கிறார்கள். தேரை நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் நம் முன்னோர் கண்ட உபாயம் முட்டுக்கட்டை. ஓடுகிற சக்கரத்தின் முன்னால் ஒருவர் குனிந்து, சரியான கணத்தில், சரியான கோணத்தில் கட்டையைச் செருக வேண்டும். அதற்கென்றே பரம்பரையாகப் பழகியவர்கள் உண்டு. அபாரமான வித்தை. அந்த வித்தைக்கு அவர்கள் கொடுத்த விலையும் அபாரம். கட்டை நழுவி, சக்கரத்தில் கால் அகப்பட்ட செய்தியைத் தேர்த் திருவிழாக் காலத்தில் பத்திரிகையில் படிக்காதவர் யார்? திருவாரூர் தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலைக்காரர்கள் இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்து, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் பொருத்தினார்கள். முட்டுக்கட்டையும் கூடவே இருக்கிறது. ஒன்று தவறினால் இன்னொன்று, இரண்டு அடுப்பு. தியாகராஜருக்கு அதனால் ஏதாவது குறைந்ததா? ஊர் ஜனங்கள் ‘இது அசல் தேர் இல்லை’ என்று வடத்தைக் கீழே போட்டார்களா? சுவாமியின் தேருக்குப் பிரேக் போடலாம், மாரிஸ் மைனருக்குப் போடக் கூடாது என்றால், எது தெய்வம் என்பதில் இவர்களுக்கு ஏதோ குழப்பம் இருக்கிறது.

திருப்புட்குழிக்காரர்கள் இன்னொன்று சொல்லுவார்கள். புள் என்றால் பறவை. ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்பதால் இந்தப் பெயர். கோயிலின் எதிரே ஜடாயு தீர்த்தம். இந்தப் பெருமை எங்களுக்கும் உண்டு என்று சொல்லுகிற ஊர்கள் வேறே இருக்கின்றன, அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லத் தயாரில்லை. ஜடாயு செய்தது என்ன? கெட்ட வழியில் போன ஒரு வாகனத்தை நிறுத்தப் பார்த்தார். தேரை முறித்தும் விட்டார். வயோதிகம், தளர்ந்த உடம்பு, மனோதைரியம் மட்டும் இருந்தது. நம் பழங்கார்களின் ஒற்றைச் சிலிண்டரைப் பார்க்கும்போது எனக்கு அந்த வயோதிகப் பறவைதான் ஞாபகம் வருகிறது. மரியாதைக்குரியது. ஆனால் அந்த வயதில் அதைத் தனியாகச் சண்டைக்கு அனுப்பலாமா?

இதே ஊரில்தான் யாதவப் பிரகாசரிடம் இராமாநுஜர் பாடம் கேட்டார் என்பது வைஷ்ணவர்களின் பாரம்பரியம். குரு ஓர் உபநிஷத வாக்கியத்துக்குப் பழைய பொருளைச் சொன்னபோது, சிஷ்யர் கண்ணீர் விட்டு வேறு பொருள் சொன்னார் என்று அந்தக் கதை போகிறது. அவர் மூலத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ‘அப்போதிருந்து இப்படித்தான் சொல்லி வருகிறார்கள்’ என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்தார். சம்பிரதாயம் அவரைத் தள்ளிவைக்கவில்லை, ஆசாரியராக்கி வைத்துக்கொண்டது.

சட்டம் குறுக்கே நிற்கிறதோ என்று ஒரு சந்தேகம் உண்டு. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழங்கார்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், அசல் உருவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். பெரிய மாற்றம் என்றால் என்ன? சேஸி, உடற்கூடு, எஞ்சின் இவற்றைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள். பிரேக்கைச் சொல்லவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கு இருந்த விவேகம் கண்காட்சிகளில் மார்க் போடுகிற சில நடுவர்களுக்கு இல்லை. பெட்ரோல் டாங்க் மூடி அந்தக் காலத்ததா என்று குனிந்து பார்ப்பார்கள். எஞ்சின் அறையில் புதிய சாமான் ஒன்று தென்பட்டால் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பயந்துதான் பாதிப் பேர் பிரேக்கைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக் கோப்பைக்காக!

இத்தனை சொன்ன பிறகு எதிர்க்கட்சிக்கும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். மாற்றுகிறேன் பேர்வழி என்று புறப்பட்டவர்கள் செய்கிற அட்டூழியமும் கொஞ்சமில்லை. உடைத்த மாருதியிலிருந்து கழற்றிய ஒரு சிலிண்டரை, கையில் அகப்பட்ட தகட்டை வளைத்து வெல்டு வைத்து மாட்டிவிட்டு, “புது டெக்னாலஜி சார்” என்று பில் போடுகிறார்கள். காலை வைத்தால் தகடு வளைகிறது. பிரேக் வண்டிக்குப் போகாமல் தகட்டுக்குப் போகிறது. இன்னும் சிலர், பெரிய சிலிண்டர் போட்டால் பெரிய பிரேக் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. முக்கால் அங்குலத் துவாரமுள்ள சிலிண்டரை எடுத்துவிட்டு ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்குத் துவாரமுள்ளதைப் போட்டால், தண்டின் பரப்பு நூற்றுக்கு 36 கூடிவிடுகிறது. அதே காலழுத்தத்துக்கு எண்ணெயில் ஏறும் அழுத்தம் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். மிதி கல் மாதிரி கெட்டியாக இருக்கும். ஓட்டுகிறவர் பரம திருப்தியோடு போய் மோதுவார். சக்கரத்திலுள்ள சிலிண்டர்களையும் மிதியின் நீளத்தையும் கணக்கிட்டு, பழைய துவாரத்துக்குச் சமமானதைத்தான் போட வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கென்று செய்ததை டிரம் பிரேக்குக்கு மாட்டினால், குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைக்கிற வால்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

யாரும் கவனிக்காத இன்னொன்று, எச்சரிக்கை விளக்கு. இரட்டை அறையில் ஓர் அறை வற்றிப்போனாலும் வண்டி நிற்கும் என்றேன். அதுவேதான் அபாயமும். மிதி சற்றே தாழ்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அரைப் பிரேக்கோடு ஆறு மாதம் ஓட்டுகிறவர்கள் உண்டு. பிறகு ஒரு நாள் மற்ற அறையும் போகும். எண்ணெய் குறைந்தால் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்படி செய்யாதவன், இரட்டை அறை போட்டும் பாதிப் பணத்தைச் சாக்கடையில் போட்டவன்.

கழற்றிய பழைய சிலிண்டரைக் காயலான் கடைக்குப் போடுவதும் மகாபாவம். சுத்தம் செய்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, வண்டியின் பெயரும் கழற்றிய தேதியும் எழுதிப் பெட்டியில் வைக்க வேண்டும். சேஸியில் புதிதாக ஒரு துளைகூடப் போடாமல், வேண்டுமானால் ஒரே நாளில் பழையபடி திருப்பிவிடும் மாதிரி வேலை செய்கிறவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைப்பார்கள். சென்னையைச் சுற்றி இல்லாத கைவேலைக்காரர்களா? பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவிலிருந்து திருப்புட்குழிச் சாலையோரத்து மரத்தடி வரைக்கும், பிரேக்கையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். ஓடவே ஓடாமல் மண்டபத்தில் நிற்கிற காரைப் பற்றி எனக்கு ஒரு வழக்குமில்லை. கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடுவின் பேரால் விளங்கும் கார் காட்சிசாலை மாதிரி இடங்களில் பழைய சிலிண்டரோடு, பழைய ரப்பரோடுகூட நிற்கட்டும். சாலைக்கு வருகிறவனிடம்தான் பேச்சு.

பழங்கார் ஊர்வலம் நடத்துகிற சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மார்க் போடுகிற நடுவர்கள் பென்சிலை எடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு காரிலும் ஒருவரை ஏற்றிப் பிரேக் மிதியை ஒரு நிமிஷம் விடாமல் அழுத்தச் சொல்லுங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்குகிற வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புங்கள். இறங்காத வண்டியில் இரட்டை அறைச் சிலிண்டர் இருந்தால் மார்க் குறைக்காதீர்கள். பழையதைப் பெட்டியில் கொண்டுவந்து காட்டினால் இரண்டு மார்க் கூடக் கொடுங்கள். இந்த வருஷ ஊர்வலத்திலேயே ஆரம்பிக்கலாம். அந்தப் பச்சை மாரிஸ் மைனரும் வரும் என்று நினைக்கிறேன். பேரக்குழந்தைகள் பின்னால் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு வருவார்கள்.